பாண்ட் குழுவை வழிநடத்தப் பழகுதல்: வவுனியாவில் எட்டு நாள் பயிற்சி நெறி ஒன்றைப் பற்றி

ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக உள்ள ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயில்வில், அதாவது கற்பித்தல் பயிற்சியில், இருக்கும் சங்கீத ஆசிரிய மாணவி நான். பாடசாலைக்குச் சென்ற முதற் கிழமையிலேயே அதிபர் என் கையில் இரண்டு திறப்புகளைத் தந்தார். ஒன்று சங்கீத அறையினுடையது. மற்றையது பாண்ட் வாத்தியங்கள் பூட்டிக் கிடந்த அலுமாரியினுடையது. "சங்கீத ரீச்சர் வந்திட்டா எண்டால் பாண்டையும் அவதானே பாக்கவேணும்" என்று அவர் சொன்னது கேள்வியாக இருக்கவில்லை. வாய்ப்பாட்டும் வீணையும் படித்து வந்த எனக்கு, பேஸ் ட்ரம்மின் வாரை எப்படி மாட்டுவது என்பதுகூட அன்று தெரியாது. அந்த நிலையில்தான், வவுனியா நகரிலுள்ள ஒரு தனியார் இசைப் பயிலகம் பாடசாலைப் பாண்ட் குழுக்களையும் வாத்தியக் குழுக்களையும் வழிநடத்துவதற்கான பயிற்சி நெறியொன்றை ஓகஸ்ட் மாத வார இறுதிகளில் நடத்துவதாக அறிந்து, 15,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நான்கு வார இறுதிகள், எட்டு நாட்கள். என்னைப் போலத் திறப்பைக் கையில் வாங்கிவிட்டு விழித்துக்கொண்டிருக்கும் ஏனைய ஆசிரிய மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், அங்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பயணத்தையும் மண்டபத்தையும் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவிலிருந்து வரும் முதல் பேருந்தில் ஏறி, மாங்குளம் சந்தியில் இறங்கி, அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பேருந்துகளில் நிற்பதற்காவது இடம் கிடைத்தால், ஒன்பது மணிக்கு முன்னர் வவுனியாவைப் பிடித்துவிடலாம். அவ்வாறு விடியற்காலையில் புறப்பட்டு வந்தவர்கள் எங்களில் பலர் இருந்தும், எட்டு நாட்களில் மூன்று நாட்கள் வகுப்பு ஒன்பதே முக்காலுக்குத்தான் தொடங்கியது. மாடியில் தகரக் கூரை போட்ட மண்டபம், இரண்டு மின்விசிறிகள், பதினேழு பேர். காலையில் தேநீர் உண்டு; மதியச் சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சியின் உண்மையான பெறுமதி முதல் இரண்டு நாட்களில் இருந்தது. வளவாளர் ஓய்வுபெற்ற ஒரு பாண்ட் மாஸ்டர். அவர் எங்களை ஒரு பெரிய கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்துக் கையசைவை மட்டுமே பழக்கினார். நான்கு அடிக்கு (நான்கு எண்ணிக்கைக்கு): கீழ், இடம், வலம், மேல். மூன்று அடிக்கு: கீழ், வலம், மேல். அணிநடைக்குரிய இரண்டு அடிக்கு: கீழும் மேலும் மட்டும். மனப்பாடம் செய்வதற்கு இதில் பத்து நிமிட வேலைகூட இல்லை. சிறு வயதிலிருந்து தாளம் போட்டுப் பழகிய எங்களுக்கு இது மிக இலகுவாக வரும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் தாளம் போட்டுப் பழகியதுதான் எங்களுக்குக் குறுக்கே நின்றது.

அது எப்படி என்பதை ஒரு நிகழ்வால் விளக்கலாம். முதல் நாள் பிற்பகலில், ரெக்கோடர் வாசிக்கத் தெரிந்த ஐந்து பேரை அரைவட்டமாக நிறுத்தி, ஒரேயொரு நீண்ட சுரத்தைத் தொடக்கிவைக்கும்படி என்னிடம் சொன்னார். நான் கையை உயர்த்தினேன், இறக்கினேன். ஐந்து பேரும் ஐந்து நேரத்தில் தொடங்கினார்கள். மீண்டும் செய்தேன், அதே கதைதான். அவர் அருகில் வந்து, "பிள்ளை, நீங்கள் தாளம் போடுறியள். அவைக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றார். பிறகு என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்லி, மூச்சினால் மட்டும் தொடக்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து, அவர்களைப் பார்த்து, வாயால் ஒரு மூச்சை உள்ளே இழுத்தேன். எதிரே நின்ற ஐந்து பேரும் என்னோடு சேர்ந்தே மூச்சை இழுத்தார்கள். அடுத்த கணம் ஐந்து குழல்களும் ஒன்றாகவே ஒலித்தன. பின்னால் இருந்த யாரோ கைதட்டினார்கள்.

அதன் பிறகு அவர் தந்த விளக்கம் பதினைந்தாயிரம் ரூபாயில் பாதிக்காவது பெறுமதியானது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை ஒரு லகுவாகவும் இரண்டு துருதங்களாகவும் நாம் போடும்போது, தட்டு விழுகின்ற அதே கணத்தில்தான் சுரமும் விழுகிறது. அந்தக் கை பாடுகிறவருடையது; நடந்துகொண்டிருப்பதை அது அளக்கிறது. கண்ணை மூடிக்கொண்டும் போடலாம். குழுவுக்கு முன்னால் நிற்பவருடைய கையோ, இனி நடக்கப்போவதை ஓர் அடி முன்னதாகவே சொல்ல வேண்டும். முதல் சுரத்துக்கு முன்னால் வருகின்ற அந்த ஆயத்த அடி எவ்வளவு நீளமோ அதுவே காலப்பிரமாணம், அதாவது வேகம்; அது எவ்வளவு பெரிதோ அதுவே ஒலியின் அளவு; அதோடு சேர்த்து எடுக்கின்ற மூச்சுத்தான் ஊதுகின்ற பிள்ளைக்கு அழைப்பு. அனாகத எடுப்பில் தாளம் முன்னே போகப் பாட்டுப் பின்னே வருவதைப் பல ஆண்டுகளாகப் பாடியிருக்கிறோம். ஆயினும் அங்கும் எமது கை எமக்காகவே போகிறது, எதிரே இருப்பவருக்காக அல்ல. எங்கள் பகுதிக் கோவலன் கூத்திலே, கூத்தை நடத்தும் அண்ணாவியார் கைத்தாளத்தை வைத்துக்கொண்டு, தானும் பாடி, ஒலியாலேயே எல்லோரையும் கொண்டுபோவார். பாண்ட் குழுவை வழிநடத்துபவருக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் ஒலியே கிடையாது.

இரண்டாம் வார இறுதி இசைக்குறியீட்டுக்கும் வாத்தியங்களின் சுருதிக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. ட்ரம்பெற் வாசிக்கும் பிள்ளை தன் தாளில் உள்ள "சி" என்ற சுரத்தை ஊதினால் உண்மையில் ஒலிப்பது அதற்கு ஒரு முழுச்சுரம் கீழே உள்ள "பி பிளாட்" என்பதை விளக்குவதற்கு வளவாளர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். வெண்பலகை முழுவதும் அம்புக்குறிகள் நிறைந்தன. மண்டபத்தில் பாதிப்பேரின் முகம் இருண்டு போயிருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்த வயலின் படித்த ஆசிரிய மாணவர் ஒருவர் எழுந்து, "சேர், அப்ப மெலோடிக்காவுக்கு ச எண்டது ஒரு கட்டை, ட்ரம்பெற்றுக்கு ச எண்டது ஆறரைக் கட்டை, அவ்வளவுதானே?" என்று கேட்டார். (மெலோடிக்கா என்பது வாயால் ஊதிக்கொண்டு விசைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியம்; கட்டை என்பது எங்கள் இசையில் ஆதார சுருதியைக் குறிக்கும் அளவு.) அவ்வளவுதான். ஒரே தாளைப் பார்த்து இருவரும் வாசித்தால் இருவேறு கட்டையில் வாசிப்பார்கள். சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் ட்ரம்பெற் பிள்ளைக்கு ஒரு முழுச்சுரம் உயர்த்தி எழுதிக் கொடுக்க வேண்டும். வளவாளரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த விளக்கம் பயிலகத்திடமிருந்து வந்திருக்க வேண்டியது. பதினேழு பேரில் பதின்மூன்று பேர் கர்நாடக இசை படித்தவர்கள் என்பது விண்ணப்பப் படிவங்களிலேயே இருந்தது. அதைப் பார்த்துப் பாடத்தைத் தயாரிக்க யாரும் மெனக்கெடவில்லை. விநியோகிக்கப்பட்ட கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததும், அதில் பல பக்கங்கள் நிழற்பிரதியின் நிழற்பிரதியாக மங்கிப்போயிருந்ததும் இதே அலட்சியத்தின் வேறு அடையாளங்கள்.

மூன்றாம் வார இறுதியை நான் முழுமனதோடு பாராட்டுவேன். ஒத்திகையை நடத்துவது எப்படி என்பதுதான் பொருள். பாடசாலையில் ஒரு பாடவேளை அப்போது 40 நிமிடம்; வாத்தியங்களை எடுத்துக் கொடுக்கவும் திரும்ப அடுக்கவும் குறைந்தது பத்து நிமிடம் போய்விடும்; மிஞ்சுகின்ற அரை மணி நேரத்தில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வாசிக்கிறார்கள், ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதே கணக்கு. ஒவ்வொருவரும் இருபது நிமிடம் சக பயிலுனர்களைக் குழுவாக வைத்து ஒத்திகை நடத்த வேண்டும். வளவாளர் கைபேசியில் நேரம் எடுத்துக்கொண்டிருப்பார். நான் முடித்ததும் கைபேசியை என்னிடம் நீட்டினார். இருபது நிமிடத்தில் பதினொரு நிமிடம் நான் பேசியிருந்தேன். அதிலும் பெரும்பகுதி, "இன்னும் கொஞ்சம் நல்லாச் செய்வம்" என்பது போன்ற, யாருக்கும் எதையும் சொல்லாத பேச்சு.

அவருடைய ஒழுங்கு எளிமையானது. குழுவை நிறுத்தினால் யார், எங்கே, என்ன என்ற மூன்றையும் அதே வரிசையில் சொல்லிவிட்டு உடனே மீண்டும் தொடங்க வேண்டும். "சைட் ட்ரம், ஒன்பதாவது பார், உருட்டலைக் குறுக்குங்கோ" என்பது போதும். (பார் என்பது இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு பகுதி.) யார் என்பதை முதலிலே சொன்னால்தான் அந்தப் பிள்ளை அடுத்த இரண்டு சொற்களையும் காதில் வாங்கும். கடைசியில் சொன்னால் எல்லோரும் தமக்கில்லை என்றே இருந்துவிடுவார்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. ஒரு தடவையில் இரண்டு பிழைகளைத் திருத்தக்கூடாது. மெலோடிக்காப் பிள்ளைகளைத் தனியாக வாசிக்க வைக்கும்போது ட்ரம் பிள்ளைகளைச் சும்மா விடாமல், முழங்காலில் விரலால் தட்டித் தங்கள் பகுதியைப் பழக வைக்க வேண்டும். சும்மா இருக்கும் ட்ரம் பிள்ளை எத்தனை விநாடியில் எதையாவது அடித்துவிடும் என்பதைப் பாண்ட் எடுத்த எவரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த திங்கட்கிழமை இதை என் பாடசாலையில் செய்து பார்த்தேன். இருபத்துமூன்று பிள்ளைகள். பேசாமல் இருப்பதற்காக நாக்கை உண்மையிலேயே பல்லால் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பாடவேளையில் அணிநடைக்குரிய ஒரு மெட்டை ஏழு தடவை முழுமையாக வாசித்து முடித்தோம். அதற்கு முந்தைய கிழமை இரண்டு தடவைக்கு மேல் போனதில்லை. தரம் ஒன்பது பிள்ளை ஒன்று வெளியே போகும்போது, "மிஸ், இண்டைக்கு ஏன் கோவமா இருந்தனீங்கள்?" என்று கேட்டது. ஆகவே, பேச்சைக் குறைத்தால் முகத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதைப் பயிலகம் சொல்லித் தரவில்லை.

குறைகளில் மிகப் பெரியது, இந்தப் பயிற்சி எந்தப் பாடசாலையை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்பதுதான். கையேட்டில் முதல் வயலின், இரண்டாம் வயலின், செலோ என்று நாற்பது ஐம்பது பேர் அமரும் ஒழுங்கு முழுப்பக்கப் படமாக இருந்தது. வன்னியில் என் போன்றவர்கள் திறக்கும் அலுமாரிகளில் இருப்பவை மெலோடிக்கா, ரெக்கோடர், சைட் ட்ரம், பேஸ் ட்ரம், ஒரு சோடி சிம்பல். அதிர்ஷ்டம் இருந்தால் வால்வு இறுகிப்போன ட்ரம்பெற் ஒன்றிரண்டு. மெலோடிக்காவை எப்படிக் கையாளுவது என்பதைப் பற்றி எட்டு நாட்களில் ஒரு வரிகூடச் சொல்லப்படவில்லை. அதை ஒரு விளையாட்டுப் பொருளாகவே அங்கு கருதினார்கள் என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் எங்கள் குழுக்களில் சுருதியைத் தீர்மானிப்பது அந்த மெலோடிக்காதான். அதற்குள் இருப்பவை உலோக நாக்குகள். வகுப்பறையில் அவற்றின் சுருதியை ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. பெரும்பாலான மெலோடிக்காக்கள் "ஏ" சுரத்தை 440 அல்லது 442 ஹேர்ட்ஸில் வைத்துச் செய்யப்பட்டவை. கைபேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியில் ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ரெக்கோடரின் தலைப்பகுதியைச் சற்று வெளியே இழுத்தால் சுருதி இறங்கும்; ட்ரம்பெற்றில் சுருதிக் குழாயை இழுத்தாலும் அவ்வாறே. எனவே இழுபடக்கூடியவை எல்லாம் இழுபடாத மெலோடிக்காவிடம் போக வேண்டுமே தவிர, ட்ரம்பெற் ஒரு சுரத்தை ஊதி மற்றவர்களைச் சரிபார்க்கச் சொல்லும் முறை எங்களுக்குப் பொருந்தாது.

வெயில் ஏற ஏற இந்தச் சிக்கல் கூடும். காற்றின் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடுகிறது. காலை ஏழரைக்கு 25 பாகையில் சுருதி சேர்த்த குழு, 35 பாகை வெயிலில் மைதானத்தில் நின்றால், கோட்பாட்டளவில் குழல் வாத்தியங்கள் அரைச்சுரத்தின் கால்பங்குக்குச் சற்று மேலாக ஏறிவிடும். ஊதுபவரின் மூச்சே உள்ளே உள்ள காற்றைச் சூடாக்கி வைத்திருப்பதால் நடைமுறையில் அது குறையலாம். ஆனாலும் காதுக்குத் தெரியும். மெலோடிக்காவோ கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். பத்து மணிக்குக் குழு "புளித்துப்போவது" பிள்ளைகளின் பிழை அல்ல என்று எனக்கு விளங்கியது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். இப்போது இடைவேளைக்குப் பின்னர் ரெக்கோடர்களை மீண்டும் ஒரு தடவை இழுத்துச் சரிசெய்கிறோம். பிள்ளைகள் பயந்தோ உற்சாகத்திலோ பலமாக ஊதினாலும் ரெக்கோடர் ஏறும். அதற்கு இழுப்பது மருந்தல்ல, மெதுவாக ஊதச் சொல்வதுதான்.

வாத்தியப் பராமரிப்பும் பாடத்திட்டத்தில் இல்லை. மெலோடிக்காவின் அடியில் உள்ள நீர் வெளியேற்றும் பொத்தானை அழுத்தி ஊதி உமிழ்நீரை வெளியேற்றாவிட்டால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும் என்பதையும், ஊதுகுழாய்களைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்றக்கூடாது என்பதையும் நான் அறிந்தது அயல் பாடசாலையின் மூத்த ஆசிரியை ஒருவரிடமிருந்துதான்.

நான்காம் வார இறுதியில்தான் உண்மையான பிள்ளைகளைக் கண்டோம். நகரப் பாடசாலையொன்றின் பாண்ட் குழு வந்திருந்தது. நன்கு பழகிய பிள்ளைகள், கிளாரினெற் உட்பட எல்லாம் உண்டு. எங்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது எட்டு நிமிடம். நாங்கள் பிழையாகக் காட்டினாலும் சரியாக வாசிக்கக்கூடிய குழுவை நடத்துவது இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எங்கள் கையை நம்பித் தொடங்குகின்ற, கை தடுமாறினால் தானும் தடுமாறுகின்ற குழுவொன்றை முதலாம் வாரத்திலேயே கொண்டுவந்திருந்தால், கண்ணாடியின் முன் நின்ற இரண்டு நாட்களில் ஒரு நாளை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

அன்று மாலை, எல்லோரும் பேருந்துக்கு அவசரப்படும் நேரத்தில், வளவாளர் கடைசி அரை மணி நேரத்தில் சொன்ன ஒரு விடயம் எட்டு நாட்களில் எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது. பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டியில் அணிநடை மைதானத்தின் மறுமுனைக்குப் போகும்போது பிள்ளைகளின் கால் ஏன் பிசகுகிறது என்பது அது. பாண்ட் குழு ஒரு முனையில் நிற்கிறது. அணி எழுபது மீற்றர் தள்ளி நடக்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். ஆகவே பேஸ் ட்ரம் அடி அங்கே போய்ச் சேர 0.2 விநாடி எடுக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடையில் ஓர் அடிக்கு 0.5 விநாடிதான். அதாவது, கிட்டத்தட்ட அரை அடி பிந்தியே அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் கேட்டபடி சரியாகத்தான் நடக்கிறார்கள்; மேடையருகே நின்று பாண்டைக் கேட்டுக்கொண்டு அவர்களைப் பார்க்கும் எங்களுக்குத்தான் பிழையாகத் தெரிகிறது. அதைவிட மோசம், குழுவிலுள்ள பிள்ளைகள் தூரத்தில் நடப்பவர்களின் காலைப் பார்த்து அதற்கு ஏற்ப அடியைத் தளர்த்தத் தொடங்குவது. அப்போது நடையே இழுபட்டுப் போகும். எனவே பேஸ் ட்ரம் பிள்ளை அணியைப் பார்க்கவே கூடாது. வழிநடத்துபவரின் கையை மட்டும் பார்த்து, இடது காலுக்குரிய அடியை அழுத்தமாக விழுத்த வேண்டும். இதை ஒரு முழுநாள் மைதானத்தில் நின்று பழக்கியிருக்க வேண்டும். கையேட்டில் ஒரு வரி இல்லை.

அடுத்த வருட முதலாம் தவணையில் எங்கள் பாடசாலைப் போட்டி நடந்தது. பேஸ் ட்ரம் பிடித்த பிள்ளையை மைதானத்துக்கு முதுகு காட்டி என்னை நோக்கி நிறுத்தினேன். பார்வைக்கு அழகாக இல்லை என்று சிலர் சொன்னார்கள். தொடக்கம் ஒன்றாக விழுந்தது, நடை இழுபடவில்லை, மூன்றாவது இல்லம் திருப்பத்தில் கால் மாற்றிக்கொண்டது, ஆனால் அது வேறு கதை. முடிவில் எல்லா அணிகளும் நின்ற பிறகு நிறுத்தும் அடையாளத்தைக் காட்ட நான் மறந்துவிட்டதால், பாண்ட் இன்னும் ஒரு சுற்று வாசித்தது.

ஆகவே இந்தப் பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்டால், கர்நாடக இசை படித்துவிட்டுப் பாண்டைப் பொறுப்பெடுக்க நேர்ந்தவர்கள் போகலாம் என்பேன். முதல் இரண்டு நாட்களுக்காகவும் மூன்றாம் வார இறுதிக்காகவும். ஏற்கெனவே குழு நடத்திப் பழகியவர்களுக்கு 15,000 ரூபாய் கூடுதல். சேர்வதற்கு முன் மூன்று விடயங்களைத் தொலைபேசியில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளைகளோடு எத்தனை மணி நேரம், கையேடு தமிழில் உண்டா, சான்றிதழ் எதற்குக் கணக்கில் எடுக்கப்படும். கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. சான்றிதழ் தற்போது வீட்டில் ஒரு கோப்பில் இருக்கிறது. வழிநடத்துபவர் கையில் பிடிப்பதற்கென்று பயிலகத்தில் விற்கும் கோலை வாங்க வேண்டியதில்லை. என்னோடு படித்த ஒருவர் சைக்கிள் கம்பியொன்றைப் பதினான்கு அங்குலத்துக்கு வெட்டி, வெள்ளை பூசி, போத்தல் மூடித் தக்கையைப் பிடியாகச் செருகிக் கொண்டுவந்தார். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அது நன்றாகத் தெரிந்தது. மெலோடிக்கா ஒன்றையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். மேசையில் வைத்து, இதற்கு என்ன செய்வது என்று முதல் நாளே கேளுங்கள்.